தானியங்கிக் கியரா, கைமுறைக் கியரா?
(அமெரிக்கப் பழங்கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

என் தந்தையார் லாரி ஓட்டுநர். இருபத்தெட்டு ஆண்டுகள் கிளட்ச் மிதித்ததில் அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. தானியங்கிக் கியர்ப் பெட்டி பற்றி நான் படித்ததை ஒருநாள் வீட்டில் சொன்னபோது, "ஏம்ப்பா, கிளட்சே இல்லாம வண்டி எப்படி இழுக்கும்?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அக்கேள்விக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

இதை ஆராய ஏற்ற களம், 1964 முதல் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் விற்பனையான 'மசில் கார்'கள். ஒரே உடல், ஒரே எஞ்சின். வாங்குபவர் விரும்பினால் கைமுறைக் கியர், விரும்பினால் தானியங்கிக் கியர். பிற யாவும் மாறாதிருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதானே நமது ஆய்வுக்கூடத்திலும் முறை!

மசில் கார் என்பது யாது?

நடுத்தர அளவுள்ள காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே மசில் கார். இதற்கு வழிகாட்டியாகச் சொல்லப்படுவது 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர், திறன் 325 குதிரைத் திறன். இத்தகைய கார்களை இன்று விரும்பி வாங்கிச் செப்பனிடுவோர் பலர். அவர்கள் முன் நிற்கும் முதல் வினா கியரைப் பற்றியதே.

இரண்டும் இயங்கும் விதம்

கைமுறைக் கியரில் கிளட்ச் தட்டு, எஞ்சின் தரும் திருப்புவிசையை வாங்கி அப்படியே கியர்ப் பெட்டிக்குக் கொடுக்கிறது. தானாக அது எதையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலை முழுவதும் பற்சக்கரங்களுடையது.

தானியங்கியில் கிளட்ச் மிதிக்குப் பதிலாகத் திருப்புவிசை மாற்றி இருக்கிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அது வீசும் எண்ணெய் எதிரிலுள்ள விசிறியைச் சுழற்றுகிறது. திரும்பி வரும் எண்ணெயை இடையிலுள்ள மூன்றாவது விசிறி திசைமாற்றி அனுப்புவதால், புறப்படும் கணத்தில் திருப்புவிசை சுமார் 2 மடங்காகிறது.

ஒரு கணக்கு

கிரைஸ்லர் நிறுவனத்தின் இரு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். நான்கு கியர் கைமுறைப் பெட்டியின் முதல் கியர் விகிதம் சுமார் 2.65. டார்க்ஃப்ளைட் எனும் மூன்று கியர் தானியங்கியின் முதல் கியர் விகிதம் 2.45. எஞ்சின் தரும் திருப்புவிசையை 100 பங்கு எனக் கொள்வோம்.

கைமுறை: 100 × 2.65 = 265 பங்கு.
தானியங்கி: 100 × 2 × 2.45 = 490 பங்கு.

அப்படியானால் ஆற்றல் எங்கிருந்தோ இலவசமாக வந்துவிட்டதா? இல்லை. திறன் என்பது திருப்புவிசை, கோண வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன். கார் நின்றுகொண்டிருக்கும்போது வெளிப்புற விசிறியின் வேகம் சுழி. ஆகவே வெளிவரும் திறனும் சுழியே. எஞ்சின் கொடுப்பது முழுவதும் எண்ணெயில் வெப்பமாகிறது. அவ்வெண்ணெயை ரேடியேட்டர் வரை குழாயில் கொண்டுசென்று குளிர்விப்பது இதனால்தான். கார் வேகமெடுக்க எடுக்க 2 மடங்கு என்பது குறைந்து 1 ஆகிவிடுகிறது. ஓடும்போதும் அக்காலத் தானியங்கியில் சிறிது நழுவல் இருந்துகொண்டே இருக்கும்.

கைமுறைக்காரரிடமும் ஓர் உபாயம் உண்டு. எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டுக் கிளட்சைச் சட்டென விட்டால், ஃபிளைவீலில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல் சக்கரத்துக்குப் பாயும். ஆனால் டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வுக்கு ஓர் எல்லை உண்டன்றோ? அதைக் கடந்தால் டயர் புகையும், கார் நகராது. மிகுந்த பயிற்சி உடையவருக்கே அந்த உபாயம் கைகொடுக்கும். தானியங்கியோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விதமாகப் புறப்படும்.

ஆண்டைப் பார்த்துத் தேர்க!

"கைமுறையே வேகமானது" என்று பொதுவாகச் சொல்வதில் பாதி உண்மையே உள்ளது. 1964 ஜி.டி.ஓ.வின் தானியங்கிக்கு இரண்டே கியர். நான்கு கியர் கைமுறைப் பெட்டியோடு ஒப்பிட அது பின்தங்கியதில் வியப்பில்லை. ஆனால் 1967இல் அதே காருக்கு டர்போ ஹைட்ராமேட்டிக் 400 எனும் மூன்று கியர் தானியங்கி வந்தது. 2.48, 1.48, 1.00 என்ற விகிதங்களும் உறுதியான உடலும் கொண்ட அப்பெட்டி இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஆகவே, காரின் பெயரை மட்டுமன்றி அது எந்த ஆண்டினது, எந்தப் பெட்டியுடையது என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நெடுஞ்சாலையில்

இருவகைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. நான்கு கியர் கைமுறை, மூன்று கியர் தானியங்கி இரண்டிலும் கடைசிக் கியர் 1.00. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், பின்அச்சு விகிதம் 3.91 எனில், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 சுற்றுகள் சுற்றும். நெடுநேரம் ஓட்டுவோருக்கு இவ்விரைச்சல் பெருந்தொல்லை. 1982இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 தானியங்கியில் கடைசிக் கியர் 0.70. அதைப் பொருத்தினால் அதே வேகத்தில் சுமார் 2,170 சுற்றுகளே. ஓவர்டிரைவ் கொண்ட ஐந்து கியர் கைமுறைப் பெட்டிகளும் இன்று கிடைக்கின்றன. நெடுந்தூரம் செல்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிளட்ச் உண்டா என்பதன்று; ஓவர்டிரைவ் உண்டா என்பதே.

வாங்குமுன் சோதனை

தானியங்கியாயின் அதன் எண்ணெயை முதலில் பார்க்க வேண்டும். பழுப்பேறிக் கருகிய வாடை வீசினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் எரிந்துள்ளன என்பது பொருள். கியர் போட்டபின் கார் தாமதித்து நகர்வதும் நல்ல அறிகுறியன்று.

கைமுறையாயின் குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரிலிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துக. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிடில் கிளட்ச் நழுவுகிறது. கியர் மாற்றும்போது 'கறகற'வெனப் பற்கள் உரசினால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம்.

தானியங்கிக் காரைக் கைமுறையாக மாற்றுவது சிறு வேலையன்று. கிளட்ச் மிதி, ஃபிளைவீல், பெல் ஹவுசிங், இணைப்புக் கம்பிகள் அனைத்தும் வேண்டும். தரைத்தகட்டையும் வெட்ட நேரிடும். தொழிற்சாலையில் பொருத்திய அதே பெட்டி இருப்பதைச் சேகரிப்போர் பெரிதும் மதிக்கிறார்கள். வெட்டிய தகட்டை மீண்டும் பழையபடி ஆக்குவது எளிதன்று. எனவே மாற்றுபவர் பழைய பெட்டியைக் கழித்துக்கட்டாமல் பத்திரமாக வைத்திருப்பது நன்று.

முடிவுரை

கியர் மாற்றுவதில் இன்பம் காண்பவருக்கும், வளைவான சாலைகளில் ஓட்டுபவருக்கும் கைமுறையே ஏற்றது. நெரிசலில் ஓட்டுபவருக்கும் கால்வலி உள்ளவருக்கும் நல்ல மூன்று கியர் தானியங்கி ஏற்றது. அதில் தாழ்வு ஏதுமில்லை. அந்தக் கால மசில் காரின் கிளட்ச் மிதி கனமானது என்பதையும் மறத்தலாகாது. கண்மூடி மாற்றுவதைவிட, காரில் ஏற்கெனவே உள்ளதைச் செம்மையாக வைத்திருப்பதே பெரும்பாலும் அறிவுடைமை.

மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதித் தந்தையாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப எண்ணெய்தான் கிளட்ச்" என்றார். நான் பல பக்கங்களில் படித்ததை அவர் மூன்று சொற்களில் கூறிவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "இது முன்னாடியே நம்ம லாரிக்கு வந்திருக்கலாம்" என்றும் சொன்னார். இயந்திரத்தைப் படிக்கும் நாம், அதை நாள்தோறும் இயக்கும் மனிதரின் உடலையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வில் நான் கற்ற பாடம்.