நல்ல சேதியைக் கேட்க ஆள் வேண்டும்

கேள்வி: கணவர் கொழும்பில் கடை வேலை. குடியில்லை, அடியில்லை, பணமும் அனுப்புகிறார். ஆனாலும் மனம் நிறையவில்லை. இன்னும் ஏதோ வேண்டும் என்ற என் ஆசை தப்பா?
– ஒரு வாசகி, தெமோதரை

பதில்: தப்பே இல்லை, சகோதரி. குடியும் அடியும் இல்லாவிட்டால் அதுவே நிறைவென்று தோட்ட லயத்துப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். எனக்கு அதில் கோபம் உண்டு. நிறைவுக்கு அதற்கு மேலும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் கூட்டாளிகளும் காதல் இணைகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கஷ்டத்தைக் கேட்டுத் துணை ஆறுதல் சொல்வதைவிட, நல்ல சேதிக்கு எப்படி முகம் கொடுக்கிறார் என்பதே உறவின் நலத்தோடு அதிகம் பிணைந்திருந்தது. இன்று பறித்த தேயிலைக் கொழுந்து கிலோ கூடியது என்று நீங்கள் சொன்னால், "அப்படியா" என்று முடிக்காமல் அவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரி போனில் செலவுக் கணக்குக்கு முன்னால் இந்தப் பேச்சு நடக்கட்டும். அவருடைய கடைக் கதையையும் கேளுங்கள்.