புலால் மறுத்தலும் கண்ணப்பர் ஊனமுதும்

சைவம் என்னுஞ் சொல் சிவசம்பந்தமான சமயத்தை உணர்த்துவது. ஆயினும் தமிழ் வழக்கில் அஃது ஊன் கலவாத உணவுக்கும் பெயராயிற்று. பிற சமயத்தாரும் உணவுச்சாலையிற் புகுந்து ‘சைவமா?’ என்றே வினவுகின்றனர். ஒரு சமயத்தின் பெயர் ஓர் ஒழுக்கத்தின் பெயராகவே நிலைத்தது அச்சமயத்தார்க்குப் பெருமை தருவதே. அப்பெருமையோடு ஒரு கடனும் உடன்வந்தது. அவ்வொழுக்கம் நம் சாத்திரத்தின் எக்கொள்கையினின்று பிறப்பது என்று காட்டமாட்டேமாயின், அது வெறுங் குலவழக்கமாகச் சுருங்கிவிடும். அன்றியும், ‘ஊன் படைத்த கண்ணப்பரை நாயன்மாருள் வைத்து வணங்கும் நீவிர் ஊனை விலக்குவது எங்ஙனம்?’ என்பார்க்கு விடை கூறுதலும் அரிதாம். ஆதலின் இப்பொருளை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

உயிரும் உடம்பும்

பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். பசு என்பது மக்களுயிரை மாத்திரம் குறிப்பதன்று. புழு முதலாகத் தேவர் ஈறாக மலத்தாற் கட்டுண்ட உயிர்கள் எல்லாம் பசு எனவே படும். எனவே, உண்பானும் உண்ணப்படுவதும் ஓரினம். வேற்றுமை உடம்பாலும் கருவிகளாலும் வந்ததேயன்றி உயிர்த்தன்மையால் வந்ததன்று.

ஆணவ இருளில் அறிவு விளங்காது கிடந்த உயிர்களுக்கு இறைவன் மாயையினின்றும் தநு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். இவை இருளில் ஏற்றிய விளக்குப் போல்வன. ஓர் ஆட்டின் உடம்பு அவ்வுயிர்க்கு இறைவன் ஏற்றிவைத்த சிறு விளக்கு. அதனைத் தன் நாச்சுவையின் பொருட்டு அவிப்பவன் இருவகையாற் பிழைசெய்கின்றான். உயிர்க்குத் துன்பம் விளைத்தலால் அறத்தினின்று வழுவுகின்றான்; இறைவன் கொடுத்த கருவியைப் பறித்தலால் அவன் அருட்செயலுக்கு மாறாகின்றான். முன்னையது எல்லா அறநூலார்க்கும் உடன்பாடு; பின்னையது சித்தாந்திக்குச் சிறப்பாக விளங்குவது.

தடைகளும் விடைகளும்

‘உயிர் அழியாதாகலின் கொலை என்பது உடம்பின் நீக்கமே, இழிந்த பிறவியினின்று விடுவித்தல் நன்மையன்றோ?’ எனின், அன்று. இறைவன் செய்யும் சங்காரம் உயிர்களின் இளைப்பை ஒழித்தற்பொருட்டு நிகழ்வது. அவன் ஒவ்வோருயிரின் பக்குவமும் வினையளவும் அறிந்து செய்கின்றான். கொல்லுவோன் அறிவது விலங்கின் எடையும் விலையுமே. அறியாதான் ஒருவன் மருத்துவன் கைக்கத்தியைப் பற்றிக்கொண்டு தானும் மருத்துவஞ் செய்ததாகக் கூறின் யார் ஒப்புவர்?

‘அவ்விலங்கு கொலையுண்பது அதன் பிராரத்தம், கொல்வான் கருவி மாத்திரையே’ எனின், அதுவும் பொருந்தாது. பிராரத்தம் இறைவன் ஆணையால் ஏதேனும் ஒருவாயிலாக வந்தே தீரும். அவ்வாயிலாகத் தன்னை விரும்பி அமைத்துக்கொண்டவனுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும். இக்கூற்றை ஏற்பின், திருடனும் கொலைஞனும் தத்தம் செயலுக்கு இதனையே காட்டித் தப்புவர்.

‘யாம் கொன்றேமல்லேம், விலைக்குப் பெற்றேம்’ என்பார் பலர். இத்தடையின் வலியை நோக்கியே திருவள்ளுவனார் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் வேறு பிரித்து ஓதினார். திருமூலநாயனாரும் முதற்றந்திரத்தில் இரண்டற்கும் தனித்தனி இடம் வகுத்தார். கொல்லாமை கையின் அறம். புலால் மறுத்தல் வாயின் அறம். வாய் வேண்டுவதையே கை செய்கின்றதாகலின், பொருள் கொடுத்தவன் செயலுக்குப் புறம்பாகான்.

‘மரமும் புல்லும் உயிரல்லவோ?’ என்னுந் தடையை எள்ளி ஒதுக்குதல் தகாது. அவற்றை ஓரறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் எண்ணியது. செடிகளும் தூண்டுதலுக்கு இயைய அசைவுறுதலைச் சகதீச சந்திர போசு (1858–1937) கருவிகளாற் காட்டினார். இவற்றை நாம் மறுப்பதின்று. உடம்போடு கூடியார்க்கு முழுதும் ஊறுசெய்யாது வாழ்தல் இயலாதாகலின், ஊறு மிகச்சிறிதாவதை நாடலே கடன். ஓரறிவுயிரினும் ஐயறிவுயிர்க்குக் கருவிகள் பல. ஆகலின் நோவும் அச்சமும் அங்கே மிக விளங்கும். மேலும், ஊனுக்கென வளர்க்கும் விலங்கு தன் வாழ்நாள் முழுதும் புல்லும் தவசமும் தின்றே வளர்கின்றது. ஆதலின் ஊனுண்பான் அவ்விலங்கையும், அது தின்ற பயிரையும் ஒருங்கே செலவிடுகின்றான். பயிருக்கு இரங்குவார்க்கும் புலால் மறுத்தலே தக்கது என்பது பெற்றாம்.

கண்ணப்பர் திறம்

இனிக் கண்ணப்பர் வரலாற்றிற்கு வருவாம். திண்ணனார் வேட்டுவக் குலத்துதித்து, வேட்டையன்றிப் பிறிதொரு தொழில் அறியாதவர். அவர் வேட்டையிலும் இளங்குட்டிகளுக்கும் சூல்கொண்ட பிணைகளுக்கும் ஊறு செய்திலர் எனச் சேக்கிழார் பெருமான் குறித்தமை கருதற்பாலது. காளத்தி மலையிற் குடுமித்தேவரைக் கண்டபின் தாம் அறிந்த உணவுள் இனியதைத் தேர்ந்து படைத்தார். அங்கே இறைவன் ஏற்றது அன்பினையே. ஊன் சிறந்தது என்பது கருத்தாயின், கனவிற் காட்சி தந்த பெருமான் சிவகோசரியாரையும் ஊன் படைக்குமாறு பணித்திருத்தல் வேண்டும். அங்ஙனம் பணித்திலன், திண்ணனார் செயலெல்லாம் அன்பே என்று உணர்த்தி, மறைந்திருந்து காணுமாறே அருளினான்.

ஆறாம் நாளில் நிகழ்ந்ததே அவ்வரலாற்றின் முடிபு. இறைவன் கண்ணிற் குருதி கண்டபோது அவர் தேடி அப்பியது விலங்கின் ஊனன்று, தம் கண். முதலிற் பிறவுயிரின் ஊனைப் படைத்த அன்பு, முதிர்ந்தபொழுது தன்னுடம்பையே படைப்பதாயிற்று. ஊனுண்ணுதற்குக் கண்ணப்பரைச் சான்று காட்டுவார் முதல்நாளைக் காட்டி ஆறாம் நாளை மறைப்பவராவர். தன் கண்ணைக் கொடுக்க ஒருப்பட்டானுக்குப் பிறிதோர் உயிரின் உடம்பை வேண்டும் நசை எங்ஙனம் எழும்?

அப்பெரியபுராணமே, திருநகரச் சிறப்பில், கன்றிழந்த பசுவின் துயரை மனுநீதிச் சோழன் தன் துயராகக் கொண்டு, ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட முனைந்ததைக் கூறுகின்றது. நாயன்மார் வரலாறு தொடங்குமுன்னரே ஒரு கன்றின் உயிரும் அரசிளங்குமரன் உயிரும் ஒருநிறையாக நிறுக்கப்பட்டமை காண்க.

நம் கடன்

இங்ஙனம் பிறர் தடைக்கு விடைகூறிய நாம் நம்மையும் ஆராய்தல் முறை. சிவஞானசித்தியார் பன்னிரண்டாஞ் சூத்திரம் இறையன்பையும் அடியாரன்பையும் உயிரன்பையும் ஒன்றையொன்று விட்டு நில்லாத ஒரு தொடராகக் காட்டுகின்றது. ஊனுண்ணாமை மாத்திரையான் ஒருவன் தன்னை உயர்ந்தோனென எண்ணி, உண்பாரை இகழ்வானாயின், அத்தொடர் அங்கே அறுகின்றது. வேடராகிய கண்ணப்பரும் பரதவராகிய அதிபத்தரும் நம் வழிபாட்டிற்குரியார் என்பதை மறத்தலாகாது. புலால் மறுத்தல் அருளின் பயனாதல் வேண்டும். ஆணவத்தின் உணவாதல் கூடாது.

பிறரை ஆணையால் திருத்தலும் நிலையாது. தமிழ்நாட்டில் கோயில்களில் விலங்கு பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டது. 2003-இல் அதனை வலிந்து நடைமுறைப்படுத்த முற்பட்டபோது எதிர்ப்பெழுந்தது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உள்ளம் கனியாதபோது சட்டம் நில்லாமைக்கு இது சான்று.

இன்னுமொன்று. ஆனைந்து ஆட்டும் நம் திருக்கோயில்களுக்கும் திருமடங்களுக்கும் பால் வரும் வழி யாது? இந்நாளிற் பால் பெருந்தொழிலாயிற்று. ஆண்கன்று பயனிலதென விற்கப்படுதலும், கறவை வற்றிய பசு கொலைக்களம் சேர்தலும் பலவிடத்தும் நிகழ்வன. விசாரசருமர் ஆனிரையைத் தாம் ஏற்று மேய்க்க, அவை அன்பினாற் கனிந்து தாமே பால் பொழிந்தன; அப்பாலே மண்ணியாற்றங்கரையில் திருமஞ்சனமாயிற்று. அத்தகைய பாலைத் தேடுதல், வற்றிய பசுவையும் கன்றையும் இறுதிகாறும் புரத்தல், அஃதியலாவிடத்துத் தூய நீரும் பச்சிலையும் கொண்டு வழிபடுதல் ஆகிய இவையே நம் கொள்கைக்கு இயைந்தன. கோசாலை வைத்துப் பேணும் மடங்கள் இவ்வழியில் முன்னிற்றல் எளிது.

உணவுத் தட்டில் ஊன் இன்மை நோன்பின் தொடக்கமே. எவ்வுயிரிடத்தும் விளக்கேற்றி நிற்கும் முதல்வனைக் கண்டு, அவ்விளக்கை அவியாது காத்தல் அதன் நிறைவு. மெய்யன்பர்கள் இதனைச் சிந்தித்துத் தெளிவார்களாக.