12 மணி நேர வேலை, 100 மணி நேரப் படிப்பு

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர், அம்பகரத்தூர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும், "லேத் பற்றி எழுதுடா, வெல்டிங் பற்றி எழுதுடா" என்று வகுப்பில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அதையெல்லாம் சொல்லித்தர நமக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராத ஒரு பாடத்தை நான் எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவன் அந்த நாட்டு மொழியை எப்படிக் கற்றுக்கொள்கிறான்?

"அங்க போனா தானா வந்துடும்" என்பார்கள் நம் ஊரில். வருமா? பார்ப்போம்.

காரைக்கால்காரர்களுக்கு வெளிநாடு புதுசல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில காலம் போக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சிதான். 1962-இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அம்பகரத்தூர் திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது என்கிறோமே, அந்தக் 'கொம்யூன்' பிரெஞ்சுச் சொல்தான். ஆனாலும் பிரான்சுக்குப் போகிற நம் ஆள் எல்லோருக்கும் பிரெஞ்சு வந்துவிடுவதில்லை. ஏன்?

ஒரு நல்ல சோதனை

இதற்குப் பதில் தேட ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டுப் பள்ளிகளில் 'மொழி உதவியாளர்' என்று ஒரு வேலை உண்டு. பல நாடுகளிலிருந்தும் இளைஞர்களை வரவழைத்து, அவரவர் மொழியைப் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு பேசவைக்கும் திட்டம். 1900-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளுக்குள் ஆரம்பித்தது, இன்று இந்தியாவும் அதில் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் ஆங்கில வகுப்புகளுக்கு உதவுகிறார்கள். வழக்கமாக அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதம், வாரத்துக்கு 12 மணி நேர வேலை. கல்லூரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கான வாய்ப்பு இது. டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு நாம் நேராகப் போய்விட முடியாது.

அப்புறம் அதை எதற்கு இங்கே சொல்கிறேன்? நம் பாடத்துக்கு அது ஒரு சோதனைக்கூடம் மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கு 12. மிச்சம் சரியாக 100! நூறு மணி நேரம் கையில் இருக்கிறது, சுற்றிலும் அந்த மொழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் படித்தும் இருக்கிறார். இவருக்கே மொழி தானாக வராது என்றால், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிற நம் ஆளுக்கு எப்படி வரும்?

ஏன் தானாக வருவதில்லை?

*ஒன்று: வேலையே தடை.* மொழி உதவியாளரைக் கூப்பிடுவதே ஆங்கிலம் பேசத்தான். பிள்ளைகள் பிரெஞ்சில் கேட்டாலும் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். கூட இருக்கிற ஆங்கில ஆசிரியர்களும் "நமக்கும் பழக்கமாகட்டுமே" என்று அவரிடம் ஆங்கிலமே பேசுவார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்குள் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு நாலு வாக்கியம் பிரெஞ்சு பேசாமல் அறைக்குத் திரும்பலாம்.

*இரண்டு: ஏட்டு மொழி வேறு, பேச்சு மொழி வேறு.* இது தமிழர்களுக்குச் சொல்லாமலே புரியும். 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதுகிறோம், 'தெர்ல' என்று பேசுகிறோம். அங்கேயும் அதே கதைதான். புத்தகத்தில் 'ஜெ ந சே பா', பையன்கள் வாயில் 'ஷே பா'. நடுவில் இருக்கிற 'ந' காணாமல் போய்விடும். விடலைப் பிள்ளைகள் சொற்களைத் திருப்பிப் போட்டும் பேசுவார்கள். 'பைத்தியம்' என்று பொருள்படும் 'ஃபூ' அவர்கள் பேச்சில் 'ஊஃப்' ஆகிவிடும். இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் பள்ளி வாசலில் ஒன்றும் புரியாமல் நிற்பார். தூய தமிழ் மட்டும் படித்த வெள்ளைக்காரரை நம் மீன் மார்க்கெட்டில் கொண்டுவந்து விட்டால் எப்படி முழிப்பார், அப்படித்தான்.

*மூன்று: நம் கூட்டம்.* பாரிசில் லா ஷபேல் என்று ஒரு பகுதி. தமிழ்க் கடைகள், தமிழ்ப் பெயர்ப்பலகைகள், இட்லி, தோசை எல்லாம் உண்டு. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் ஆண்டுதோறும் தேர் இழுக்கிறது. போகாதீர்கள் என்று யார் சொல்ல முடியும்? வயிறும் மனசும் கேட்குமே! ஆனால் எல்லா சனி ஞாயிறும் அங்கேயே போய்விட்டால் நூறு மணியும் தமிழிலேயே கழியும். ஊரை விட்டு எங்கோ இருக்கிற சிறிய பட்டணத்தில் வேலை கிடைத்தாலும் செல்போன் இருக்கிறதே. உடம்பு பிரான்சில், வாய் அம்பகரத்தூரில்!

அப்படியானால் எங்கே வருகிறது?

பதில் சுலபம். நாம் இல்லாவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் இடத்தில் மொழி வருகிறது. விருந்தாளியாக இருக்கும்வரை நம்மிடம் மெதுவாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். அணியில் ஓர் ஆளானால் "ஏய், பந்தை இங்கே போடு!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் பாடம்.

பிரான்சில் இதற்கு நல்ல வசதி உண்டு. 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவான சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கால்பந்து, சேர்ந்திசை, சைக்கிள், சமையல், சதுரங்கம் என்று எதற்கும் ஒரு சங்கம். பல ஊர்களில் செப்டம்பரில் எல்லாச் சங்கங்களும் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கும். 1985-இல் கொலூஷ் என்ற நகைச்சுவை நடிகர் ஆரம்பித்த 'ரெஸ்தோ து கேர்' என்ற அமைப்பு ஏழைகளுக்குச் சாப்பாடு வழங்குகிறது. அங்கே பொட்டலம் கட்ட வாரம் ஒரு நாள் நின்றாலே போதும். "அந்தப் பெட்டியை எடு", "எண்ணெய் தீர்ந்துபோச்சு", "அடுத்த வாரமும் வருவியா?" என்று புத்தகத்தில் இல்லாத பிரெஞ்சு காதில் விழும்.

மொழி உதவியாளராகப் போகிறவருக்கு நான் போட்டுக்கொடுக்கும் அட்டவணை இது:

1. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள். பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஓரிடத்துக்குப் பத்து முறை போவது மேல். நாலாவது வாரம் வரவில்லை என்றால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பார்.

2. மதியச் சாப்பாடு ஆங்கில ஆசிரியர்களோடு வேண்டாம். கணக்கு வாத்தியார், உடற்பயிற்சி வாத்தியார் பக்கத்தில் தட்டை வையுங்கள்.

3. வாரச் சந்தைக்குப் போய் விலை கேளுங்கள். பிரெஞ்சு எண்ணிக்கையே ஒரு கணக்குப் பாடம். 70 என்றால் அறுபதும் பத்தும். 80 என்றால் நாலு இருபது. 97 என்றால் நாலு இருபதும் பதினேழும்! காதில் விழுந்ததும் கூட்டிப் பார்த்துக் காசை எடுக்கவேண்டும்.

4. பண்டமாற்று. ஆங்கிலம் பழக விரும்பும் ஒருவரோடு அரை மணி ஆங்கிலம், அரை மணி பிரெஞ்சு. யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

5. அன்று கேட்ட ஐந்து சொற்களை, கேட்ட மாதிரியே, தமிழ் எழுத்திலாவது நோட்டில் குறித்து வையுங்கள்.

மரியாதையும் பாடத்தில் சேர்ந்ததுதான். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பொருளைக் கேட்டால் முகம் மாறிவிடும். 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். பெரியவரை எப்போது 'வூ' என்பது, தோழனை எப்போது 'த்யூ' என்பது என்று இங்கிலீஷ்காரர் திண்டாடுவார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அப்பாவிடம் எப்படி, அண்ணனிடம் எப்படி என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாம்.

மொழியை இழந்தவர்கள் சொல்லும் பாடம்

இதையே தலைகீழாகவும் பார்க்கவேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-இல் குவாதலூப் தீவுக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுசேர்த்தது. ரியூனியன் தீவுக்கும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள்.

அவர்களுக்கு யாரும் மொழி வகுப்பு எடுக்கவில்லை. தோட்டத்தில் எல்லோரும் பேசிய கிரியோல் மொழியை வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார்கள். தமிழ் என்ன ஆயிற்று? ராமசாமி, மாரிமுத்து என்று குடும்பப் பெயரில் நிற்கிறது. மாரியம்மன் கோயில் பூசையில் நிற்கிறது. பேரப்பிள்ளைகளின் அன்றாடப் பேச்சில் நிற்கவில்லை. தோட்டம் தோட்டமாகச் சிதறியவர்களுக்குத் தமிழில் சண்டை போடவும் சமாதானம் ஆகவும் ஆள் குறைந்துபோயிற்று. இன்று ரியூனியனில் சில பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கிறார்கள். தாத்தாவுக்குத் தாய்மொழியாக இருந்தது பேரனுக்குப் புத்தக மொழி!

ஆகவே ஒரு மொழி வருவதும் போவதும் அதில் பழகுகிற மனிதர்களைப் பொறுத்தது. இரண்டுக்கும் இடம் வைக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். வீட்டுக்குப் போன் செய்ய ஒரு நேரம், அந்த ஊர் ஆட்களோடு பழக ஒரு நேரம்.

நமக்கு என்ன?

நம்மில் பலர் நாளைக்கு துபாய், சிங்கப்பூர், கத்தார் என்று போகப்போகிறோம். அங்கே நூறு மணி நேரம் மிஞ்சாது. பத்து மணி நேரமாவது மிஞ்சும். கேம்ப் அறையில் நம் ஆட்களோடு சீட்டாடிக் கழித்தாலும் அது கழிந்துவிடும், பக்கத்துக் கட்டில் நேபாளியோடும் மலையாளியோடும் சமைத்துச் சாப்பிட்டாலும் கழிந்துவிடும். பத்து வருஷம் கழித்து வித்தியாசம் தெரியும். படம் பார்த்து வேலை செய்கிற அறிவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் பத்துப் பேரிடம் வேலை வாங்க மொழி வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மொழி வேண்டும். நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் மொழிதான் வேண்டும். அங்கே டிப்ளமோ சர்டிபிகேட் பேசாது, நாம்தான் பேசவேண்டும்.

பழக்கத்தை இங்கேயே ஆரம்பிக்கலாம், விசா தேவையில்லை. மாஹேவும் ஏனாமும் நம் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். அந்தப் பக்கத்துப் பையன் யாராவது நம்மோடு படித்தால், அவனோடு ஒரு வேளை சாப்பிட்டால் மலையாளமும் தெலுங்கும் காதில் விழும். நம் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா இருந்தால், ஒரு மாலை அவரிடம் போய் 'போன்ஜூர்' சொல்லிப் பாருங்கள். அவரும் பேச ஆள் இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்.

இறுதியாண்டு நண்பர்கள் அனைவரும் நல்ல வேலையில் அமர என் வாழ்த்துகள். போகிற ஊரில் உங்களைத் தேட நாலு பேர் இருக்கட்டும்!