ஈஃபிள் கோபுரம் காட்டி ஆங்கிலம் பழக்கலாம்

இலக்கணப் பயிற்சி பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டதா? உலகப் புகழ்பெற்ற ஓர் இடத்தைப் பற்றித் தேடிப் படித்து, ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள்.

* நான்கே கேள்விகள் போதும்: எங்கே, எப்போது, எதனால் கட்டியது, எவ்வளவு உயரம்?

* விடைகளைச் சிறு அட்டையில் ஒற்றைச் சொற்களாக எழுதட்டும். ஈஃபிள் கோபுரத்துக்கு: 'பாரிஸ், 1889, அயர்ன், 330 மீட்டர்ஸ்'. முழு வாக்கியமாக எழுதினால் ஒப்பிப்புதான் மிஞ்சும்.

* 'இட் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1889' என்பதுபோல் நாலு இடங்களுக்குச் சொன்னால், செயப்பாட்டுவினை தானாக நாவில் படியும்.

* 828 மீட்டர் உயரமான புர்ஜ் கலீஃபா கட்டடத்தை ஈஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒப்பிட்டுப் பேசவும் வரும்.

* இரண்டு நிமிடம் பேசட்டும். நடுவில் குறுக்கிடாதீர்கள். முடிந்ததும் கைதட்டி, ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.