போர்க்கால விமானப் பயணத்தை வீட்டிலே மீண்டும் நடத்துதல்

ஆகாய விமானம் ஓட்டுவது போன்ற நிலையைக் கணிப்பொறித் திரையில் உண்டாக்கித் தரும் சாதனத்தை ஃபிளைட் சிமுலேட்டர் என்று வழங்குகிறோம். இக்கட்டுரையில் அதனைப் பாவனைப் பொறி என்று குறிப்போம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் பொறியும், எக்ஸ்-பிளேன் என்பதும், விலையின்றிக் கிடைக்கும் ஃபிளைட்கியர் என்பதும் இவ்வகையில் பலர் அறிந்தவை. இவற்றைக் கொண்டு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்கள் சென்ற வழிகளில் மீண்டும் ‘பறந்து’ பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளிலும் உளர். இப்பொழுதுபோக்கைப் பௌதிகப் பாடமாகவும் சரித்திரப் பாடமாகவும் ஆக்க முடியும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

கோலார் தங்கவயலில் உள்ள ஆசிரியர்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று. 1944ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச விமானப்படையின் 1673ஆம் எண் பயிற்சிப் பிரிவு கோலாரில் இயங்கியது. சிறிய விமானங்களில் பழகியவர்களை நான்கு யந்திரங்கள் பூண்ட லிபரேட்டர் விமானத்துக்குப் பழக்குவதே அதன் வேலை. அப்பிரிவிலிருந்து 1944 நவம்பர் 8ஆம் நாள் கோலாரிலேயே 358ஆம் எண் விமானப்படைப் பிரிவு அமைக்கப்பட்டது. 1945 ஜனவரியில் அது வங்காளத்திலுள்ள டிக்ரிக்குச் சென்று, மாந்தளை நகரின் மீது ஒரே ஒரு குண்டுவீச்சை நடத்தியது. அதன் பின்னர், சயாம், இந்தோசீனா முதலிய நாடுகளில் இரகசியப் பணியாளர்களையும் பொருள்களையும் பாராசூட்டின் மூலம் இறக்கும் பணி அதற்கு அளிக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் கம்பிவடத்தை நம்பிப் பூமிக்குள் இறங்கிய அதே வட்டாரத்தில், வேறு சில இளைஞர் பதினெட்டு மணி நேரப் பறத்தலுக்குப் பழகிக்கொண்டிருந்தனர்.

பாவனைப் பொறியும் அக்காலத்துக்குப் புதிதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டிலேயே ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். அவருடைய குடும்பத்தார் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்பவர்கள். அக்கருவியில் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே அவர் பெட்டியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையச் செய்தார். போர்க்கால விமானிகள் மேகத்தினூடே கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்றது இப்பெட்டியில்தான். இன்றைய மாணவனின் மேசைமீதுள்ள திரை அதன் வழித்தோன்றலே.

கோலாரின் காற்று

முதற் பாடத்தைத் தரையிலேயே தொடங்கலாம். கோலார் வட்டாரம் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. உயரம் 820 மீட்டர் என்றும் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸ் என்றும் கொண்டால், அங்குள்ள காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் 15 டிகிரி உஷ்ணத்தில் உள்ள அடர்த்தியில் நூற்றுக்கு 85 பங்கே ஆகும். இறக்கையைத் தூக்கும் விசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே அதே எடையைத் தூக்குவதற்குத் தரையை விட்டெழும் வேகம் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்கு மிகுதியாக வேண்டும். வேகம் கூடும் விதம் மாறாதிருப்பினும் ஓட வேண்டிய தூரம் நூற்றுக்கு 18 பங்கு கூடிவிடும்.

இதனைத் தங்கவயல் மாணவர்களுக்கு விளக்க எளிய வழியொன்று உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. அதன் அடியில் காற்றின் அழுத்தம், மேலே உள்ளதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. கீழே செல்லச் செல்லக் காற்று நெருக்கமாகிறது. மேலே செல்லச் செல்ல நெகிழ்கிறது. பாட்டனார் கூண்டில் இறங்கும்போது காது அடைத்ததைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சோதனை செய்யும் முறை இது. பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையம் 888 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோலாருக்குப் பதிலாக அதனைப் பாவனைப் பொறியில் தேர்ந்துகொள்க. விமானத்தை முழு எடையுடன், முதலில் 15 டிகிரி உஷ்ணத்திலும் பின்னர் 38 டிகிரியிலும் எழுப்புக. இரு முறையும் ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்க. பின்பு சென்னை மீனம்பாக்கத்திலிருந்து இதையே செய்க. லிபரேட்டர் மாதிரி பொறியோடு கூடவே கிடைப்பது அரிது; தனியே பெற வேண்டியிருக்கும். இன்றேல், பிஸ்டன் யந்திரம் பூண்ட எந்தக் கனவிமானமும் போதும். ஒரு குறிப்பு: லிபரேட்டரின் யந்திரங்களில் டர்போ சூப்பர்சார்ஜர் உண்டு. அது நெகிழ்ந்த காற்றை நெருக்கி யந்திரத்துக்கு ஊட்டுவதால் யந்திரத்தின் வலிமை குறைவதில்லை. ஆயினும் இறக்கைக்கு அத்தகைய உதவி எதுவும் இல்லை.

எரிபொருளே விதி

அடுத்து நீண்ட பயணத்துக்கு வருவோம். கோலாரில் அமைந்த பிரிவு பின்னர் சென்ற அதே டிக்ரியில் 159ஆம் எண் பிரிவும் இருந்தது. 1944 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு அதன் 15 லிபரேட்டர்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து, பினாங்குத் துறைமுக வாயிலில் கடற்கண்ணி வெடிகளை இட்டுத் திரும்பின. ஜப்பானிய நீர்மூழ்கிகளும் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்தமையே காரணம். போக வர 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர். அப்பிரிவின் தலைவரான விங் கமாண்டர் ஜேம்ஸ் பிளாக்பர்ன், எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதில் பெயர் பெற்றவர். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இலக்குக்கு ஒரு லிபரேட்டர் கொண்டு செல்லும் சுமை 3,000 பவுண்டிலிருந்து 8,000 பவுண்டாக உயர்ந்தது அவருடைய முறைகளால்தான். விமானமும் யந்திரமும் மாறவில்லை. ஓட்டும் முறையே மாறியது.

அம்முறையின் உட்பொருள் யாது? யந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் குறைத்து, உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை உரிய வரம்பளவு வைத்து, எரிபொருள் குறைந்த கலவையைப் பயன்படுத்தல். வேண்டிய அளவுக்கு மேல் உயரம் ஏறாதிருத்தல். எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாவதால் அதற்கேற்ப வலிமையையும் வேகத்தையும் படிப்படியாகக் குறைத்தல். சுமையேற்றிய மாட்டுவண்டிக்காரன் மேட்டில் மாட்டை அடித்து விரட்டாமல் சீராக நடத்துவதை இதற்கு ஒப்பிடலாம். முற்றிலும் பொருந்தும் உவமை அன்று, ஆயினும் வகுப்பில் பயன்படும்.

இப்போது கணக்கு. லிபரேட்டரின் இறக்கைத் தொட்டிகளில் ஏறக்குறைய 2,800 அமெரிக்க காலன் பெட்ரோல் கொள்ளும். குண்டு அறையில் வைக்கும் துணைத் தொட்டி ஒன்றையும் சேர்த்து 3,200 காலன் என்று கணக்குக்காகக் கொள்வோம். வேகம் மணிக்கு 165 மைல் எனில் 3,000 மைலுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே நான்கு யந்திரங்களுக்கும் சேர்த்து மணிக்கு 175 காலனே செலவிடலாம். கவனமில்லாத விமானி அதே வேகத்துக்கு 200 காலன் செலவிட்டால் என்னவாகும்? பதினாறாவது மணியில் தொட்டி வறண்டுவிடும். அப்போது அவர் கடந்திருப்பது 2,640 மைல். டிக்ரிக்கு இன்னும் 360 மைல் உண்டு. கீழே இருப்பது வங்காள விரிகுடா. மணிக்கு 25 காலன் என்பது ஒரு யந்திரத்துக்கு ஆறு காலன் வித்தியாசமே. அளவுமானியின் முள்ளில் அது மயிரிழை அளவு.

பொறியில் இப்பயணத்தை நடத்துவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, ‘எரிபொருள் தீராது’ என்னும் வசதியை இயக்கிவிடுவது. அவ்வாறு செய்தபின் மிஞ்சுவது கடலின் படம் மட்டுமே. டிக்ரிக்குப் பதிலாக அதே வட்டாரத்திலுள்ள கலைக்குண்டா விமானத்தளத்தைத் தொடக்க இடமாகக் கொள்ளலாம்.

வழி காணுதல்

இன்றைய பொறிகள் செயற்கைக்கோள் உதவியால் விமானம் உள்ள இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும். 1944இல் அப்புள்ளி இல்லை. அதனை அணைத்துவிட வேண்டும். வழிகாட்டி அதிகாரி, திசை, வேகம், கழிந்த நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். வானம் தெளிந்தபோது செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீன்களை அளந்து அக்கணக்கைத் திருத்தினார். பக்கக் காற்றை மணிக்கு 10 மைல் தவறாக மதிப்பிட்டால், ஒன்பது மணி நேரத்தில் விமானம் 90 மைல் விலகிவிடும். மாணவர்கள் வரைபடத் தாளில் காற்று முக்கோணம் வரைந்து ஒவ்வொரு மணிக்கும் இடத்தைக் குறிக்கட்டும். முடிவில் பொறியின் உண்மை இடத்தோடு ஒப்பிடலாம்.

வானிலையை நாமே அமைக்க வேண்டும். பொறி தானாகத் தருவது இன்றைய வானிலை. நிலவு மட்டும் விதிவிலக்கு. தேதியை இட்டால் பொறி அந்நாளைய நிலவைக் காட்டும். அக்டோபர் 27 அளவில் அது வளர்பிறை நிலவு. பௌர்ணமிக்கு நான்கைந்து நாள்களே இருந்தன. நள்ளிரவு கழிந்து சில மணி நேரத்தில் மறையும். திரும்பும் வழியின் பெரும்பகுதி நிலவில்லா இருளிலும் விடியலிலும் கழிந்தது என்பதைக் கணக்கிட்டே அறியலாம்.

திரையில் இல்லாதவை

பொறியில் காணும் பினாங்கில் மனிதர் இல்லை. 1944இன் பினாங்கில் தமிழர் பலர் இருந்தனர். துறைமுகத்தில் சுமை இறக்கியவர்களிலும் தமிழர் உண்டு. சயாம்–பர்மா இருப்புப்பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்க ஜப்பானியர் மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு சென்றனர். அவர்களில் மிகப் பலர் காலராவாலும் பட்டினியாலும் இறந்தனர். அதே பாதையை 1944, 1945இல் நேசநாட்டு லிபரேட்டர்கள் பலமுறை தாக்கின. அக்குண்டுகள் பாலத்தை மட்டும் தேர்ந்து விழவில்லை. தங்கவயலிலும் மலாயாவிலும் உழைத்த குடும்பங்கள் பல வட ஆர்க்காடு, சேலம் போன்ற அதே மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவை. ஆகவே இலக்கின்மீது குண்டுவீசும் பொத்தானை அழுத்துவதைப் பாடத்தின் உச்சமாக வைப்பது எமக்கு உடன்பாடன்று. கண்ணிவெடி இட்ட பயணத்தையும், 358ஆம் பிரிவின் பாராசூட் பணியையும் எடுத்துக்கொண்டாலே பௌதிகம் முழுமையும் கிடைத்துவிடும். குண்டுவீச்சை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், கீழே வாழ்ந்தோரைப் பற்றி அதே பாடவேளையில் சொல்லட்டும்.

விமானங்கள் என்னவாயின என்றும் மாணவர் கேட்பர். போர் முடிந்தபின் கான்பூரில் சேதப்படுத்திக் கைவிடப்பட்ட லிபரேட்டர்களைப் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையினர் செப்பனிட்டனர். 1948 முதல் 1968 வரை அவை இந்திய விமானப்படையில் பணியாற்றின. அவற்றுள் ஒன்று 1974இல் பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. உலகில் எஞ்சியுள்ள லிபரேட்டர்கள் சிலவே. அவற்றில் பல இங்ஙனம் இந்தியாவில் காப்பாற்றப்பட்டவை.

பதினெட்டு மணி நேரப் பயணத்தை வகுப்பில் ஒரே நாளில் நடத்த இயலாது. 45 நிமிடப் பாடவேளையாகப் பிரித்தால் 24 வேளைகள் வரும். ஒவ்வொரு வேளை முடிவிலும் நிலையைச் சேமித்து வைத்து, எரிபொருள், இடம், வேகம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி அடுத்த குழுவிடம் ஒப்படைக்கலாம். நேரத்தை விரைவுபடுத்தும் வசதியைப் பயன்படுத்தாதிருப்பது நலம்; ஒன்றும் நிகழாத நீண்ட மணிகளில்தான் எரிபொருள் வீணாகிறது. எரிபொருள் முன்னரே தீர்ந்துவிட்ட குழு, பயணத்தை மீண்டும் தொடங்குவதற்கு முன், விமானம் கடலில் இறங்கிய இடத்தை வரைபடத்தில் பென்சிலால் குறித்து, கிட்டிய கரை எவ்வளவு தொலைவு என்று அளந்து எழுத வேண்டும்.