வருவது நோக்கும் மாணவர்

சித்திரைத் திங்களில் உழவன் தன் வயலைச் சுற்றி வருகின்றான். அப்பொழுது வயலில் நீருமில்லை, பயிருமில்லை, வெடித்த மண்தான் கிடக்கின்றது. ஆயினும் அவன் உள்ளத்தில் தைத் திங்களின் அறுவடை நிற்கின்றது. எவ்வித்தை விதைப்பது, நாற்றங்காலை எங்கு அமைப்பது, எருவிற்கு என்ன வழி, ஏருக்கு யாரைக் கேட்பது என்று அவன் எண்ணுகின்றான். மழை பெய்தபின் எண்ணத் தொடங்குவோன் பருவத்தைத் தவறவிடுவான். பருவம் தவறிய பயிர் எவ்வளவு உழைத்தாலும் முழு விளைச்சல் தாராது.

பயிர்த்தொழிலுக்குரிய இவ்வுண்மை கல்விக்கும் பொருந்துவதாகும். ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராய்தலைத் ‘தெரிந்துசெயல்வகை’ என்றும், அதற்குரிய பருவத்தை நோக்குதலைக் ‘காலமறிதல்’ என்றும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். பள்ளியை விட்டு வெளியேறும் மாணவனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். இறுதித் தேர்வின் முடிவு வெளிவந்த பின்னர், “இனி என்ன செய்வது?” என்று வினவுவோர் பலர். அவ்வினா நான்காண்டுகளுக்கு முன்னரே எழுந்திருக்க வேண்டியதாகும்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பள்ளிப்படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் பயின்றே பட்டப்படிப்பிற் சேர்ந்தனர். 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. அதுமுதல், முன்பு கல்லூரிக்குச் சென்றபின் நிகழ்ந்த தேர்ந்தெடுப்பு, பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் நிகழலாயிற்று. பதினைந்து அகவையினர் தம் வாழ்வின் போக்கை ஓரளவு உறுதிசெய்யும் நிலை இதனால் ஏற்பட்டது. ஆகவே எண்ணத் தொடங்கும் காலமும் முன்னே வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு தன்னை அறியும் ஆண்டாகும். ‘யான் என்ன ஆவேன்?’ என்னும் வினாவிற்கு அவ்வாண்டில் விடை காணவேண்டுவதில்லை. ‘எப்பாடத்தைப் படிக்கும்போது எனக்குக் காலம் போவது தெரியவில்லை? எப்பாடத்தை அஞ்சி ஒதுக்குகின்றேன்? அந்த அச்சம் பாடத்தினால் வந்ததா, அடிப்படை தெரியாமையால் வந்ததா?’ என்னும் வினாக்களே அப்பொழுது வேண்டுவன. கணக்கில் பின்னத்தை விளங்கிக்கொள்ளாத ஒருவன், தனக்குக் கணிதமே வாராது என முடிவு செய்கின்றான். உண்மையில் அவனுக்கு வாராதது ஐந்தாம் வகுப்பில் தவறவிட்ட ஒரு பகுதியே. அதனை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். குறையை ஒன்பதாம் வகுப்பில் கண்டவனுக்குத் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பிற் கண்டவனுக்கு அக்காலம் இல்லை.

பொருளுதவியைப் பற்றி அறிவதற்கும் இதுவே பருவம். எட்டாம் வகுப்பிலேயே வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்க்கெனத் தேசியத் திறன் படிப்புதவித் தேர்வு ஒன்று நடைபெறுகின்றது. ஒன்பதாம் வகுப்பில் ஊர்ப்புறப் பள்ளி மாணவர்க்கென ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. பதினோராம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022-ஆம் ஆண்டு முதல் ஏற்படுத்தப்பட்டது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பிற்கு மட்டும் உரியது. அவ்வகுப்பைக் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு மீளாது.

பத்தாம் வகுப்பு நாற்சந்தியை ஒத்தது. அதன் முடிவில் பல வழிகள் பிரிகின்றன. மேல்நிலைப் பள்ளிக்குச் செல்வது ஒரு வழி. தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, பொருத்துநர், மின்பணியாளர், பற்றவைப்பாளர் முதலியோர்க்குரிய பயிற்சியை ஓராண்டிலோ ஈராண்டிலோ பெறுவது மற்றொரு வழி. பல்தொழில் நுட்பப் பயிலகத்தில் மூன்றாண்டு பயின்று பட்டயம் பெறுவது பிறிதொரு வழி. இவ்வழிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை எனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்துத் தவறானது. தொழிற்பயிற்சி பெற்றவர் தகுதிக்கேற்பப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். இளமையிலேயே பொருளீட்ட வேண்டிய நிலையிலுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது சிறந்த ஏணியாகும். படிப்படியாக ஏறுவோர் மேலே வரக் காலம் சிறிது மிகலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் அவர்கையில் ஒரு தொழில் இருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர் இவ்வாண்டில் மற்றொன்றையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்க்கு, மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் 2020-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிக்கப்பட்டது. பெற்றோர் அன்பினால் கடன் வாங்கித் தம் பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுவதுண்டு. அங்ஙனம் மாற்றும்போது இந்த உரிமை கைவிட்டுப் போதலை அவர்கள் அறிவதில்லை. மாற்றுவதும் மாற்றாதிருப்பதும் அவர்தம் விருப்பம். ஆனால் எதனை இழக்கின்றோம் என அறிந்தபின் செய்வதே தெரிந்துசெயலாகும்.

பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கப்படுகின்றது. இங்கே நிகழும் பிழையே பின்னர்ப் பெருந்துயர் விளைப்பது. பொறியியற் படிப்பிற்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அடிப்படையானவை. தமிழ்நாட்டில் அப்படிப்புக்கான தரவரிசை, கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகின்றது. மருத்துவத்திற்கு உயிரியல் இன்றியமையாதது. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பயில்வோர் பட்டயக் கணக்கர் தேர்வுக்கும் வங்கித் துறைக்கும் உறுதியான அடித்தளம் பெறுகின்றனர். வரலாறும் பொருளியலும் பயில்வோர் சட்டம், ஆட்சித்துறை, ஆசிரியப்பணி ஆகியவற்றை நோக்கிச் செல்லலாம்.

எப்பிரிவும் உயர்ந்ததன்று, எப்பிரிவும் தாழ்ந்ததன்று. ஆனால் நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு பிரிவில் சேர்வது, பிறனுடைய காலணியை அளவு பாராது அணிந்துகொண்டு நெடுந்தொலைவு நடப்பதைப் போன்றதாகும். மாணவி ஒருத்தி, தன் தோழியர் எல்லாரும் சேர்ந்த பிரிவிலேயே தானும் சேர்ந்தாள் என்று கொள்வோம். அப்பிரிவில் கணிதம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் அவளுக்குக் கட்டடக்கலையில் ஆர்வம் பிறக்கின்றது. அவளிடம் அறிவுண்டு; உழைப்புண்டு; நல்ல மதிப்பெண்ணும் உண்டு. ஆயினும் அப்படிப்பின் வாயிலில் அவளைக் கேட்கும் முதல் வினா, “கணிதம் பயின்றாயா?” என்பதே. ஒரு நாள் சிந்தியாமையின் விலை இங்ஙனம் ஆண்டுகளாகச் செலுத்தப்படுகின்றது.

பெரியோர் வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. அப்துல் கலாம் இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் உயர்நிலைக் கல்வி பெற்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954-ஆம் ஆண்டில் முடித்தார். அப்படிப்பின் இறுதிக்கட்டத்திலேதான், தம் கனவுக்கு உரிய துறை பொறியியல் என்பதை அவர் உணர்ந்தார். காலம் கடந்த பின்னரே அறிந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். சென்னைத் தொழில்நுட்ப நிலையத்தில் இடம் கிடைத்தது. சேர்வதற்குப் பணமில்லை. அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து உதவினார். அந்நகைகளின் நினைவு அவரை ஓயாது உழைக்கச் செய்தது. பிந்தி அறிந்தும் அவர் வென்றார். எனினும் அடகுவைக்க நகையுள்ள தமக்கையார் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. முந்தி அறிதலே எளியோர்க்குப் பாதுகாப்பு.

கணித மேதை இராமானுசன் வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அவர் 1904-ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்து ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிற் பயின்றும் தேர்வில் வெற்றி பெற்றிலர். வறுமையில் சில ஆண்டுகள் கழிந்தன. 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்த பின்னரே அவர் வாழ்வில் ஒளி பிறந்தது. பேரறிவு படைத்தவரையே தடுத்த அத்தடையை, மற்றவர் சிறிதென எண்ணலாகாது. விருப்பமான பாடம் சிறகாகலாம். எனினும் பறக்குமுன் நிற்பதற்குப் பிற பாடங்களே நிலமாகும்.

பன்னிரண்டாம் வகுப்பு செயலாற்றும் ஆண்டு. இவ்வாண்டில் எண்ணுவதற்குக் காலம் சிறிது, செய்வதற்குரியன பல. மருத்துவப் படிப்பிற்கு ‘நீட்’ என்னும் நாடளாவிய நுழைவுத் தேர்வும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு இருபடியாக நடைபெறும் நுழைவுத் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டு முதல் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே கொள்ளப்பட்டது. எத்தேர்வுக்கு எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. கற்றவன் ஒருவன் விண்ணப்ப நாளைத் தவறவிடின், கல்லாதவனோடு ஒருங்கே வெளியில் நிற்பான்.

சான்றிதழ்களையும் முன்னரே பெறுதல் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதற் பட்டதாரி என்பதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வாயிலாக விண்ணப்பித்து, வருவாய்த் துறையினரிடம் பெறலாம். பெயரின் எழுத்து ஒரு சான்றில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் இருப்பின், அதனைத் திருத்த நாட்கள் பல ஆகும். கலந்தாய்வு நெருங்கிய நாளில் அலுவலகத்தின் முன் தந்தை நிற்பதும், கூலி இழப்பதும், கண்கலங்குவதும் ஒரு சிறு முன்னேற்பாட்டால் தவிர்க்கத்தக்கன.

பொருள் இல்லாமை பலருடைய படிப்பை நிறுத்துகின்றது. உதவி இல்லாமையினும் உதவியை அறியாமையால் நிற்கும் படிப்பு மிகவும் இரங்கத்தக்கது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், ஆண்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. வங்கிகள் கல்விக்கடன் வழங்குகின்றன. இவற்றின் விதிகள் ஆண்டுதோறும் மாறலாம். ஆதலால் அவ்வவ்வாண்டில் ஆசிரியரைக் கேட்டுத் தெளிதலே முறை.

பெண்மக்களின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்த எண்ணும் குடும்பங்களும் உள. அத்தகையோர் முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றை எண்ணுதல் வேண்டும். புதுக்கோட்டையிற் பிறந்த அவர், பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலத்தில் ஆடவர் கல்லூரியிற் பயின்றார். 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1912-ஆம் ஆண்டில் மருத்துவரானார். சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவ நிலையம் இன்றும் நோயாளிகளைக் காத்து வருகின்றது. ஒரு பெண்ணுக்குத் திறந்த கல்விக் கதவு, எத்துணைக் குடும்பங்களின் துயரைத் துடைத்தது!

எத்துணைத் திட்டமிடினும், சிலபொழுது எண்ணியது நிகழாமற் போதலும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் உழவன் நிலத்தை விற்றுவிடுவதில்லை. நெல் விளையாத நிலத்தில் உளுந்தும் பயறும் விதைக்கின்றான். அதுபோல ஒவ்வொரு மாணவனும் முதல் விருப்பத்தோடு இரண்டாம் விருப்பத்தையும் மூன்றாம் விருப்பத்தையும் வகுத்துவைத்தல் வேண்டும். தேர்வில் தவறியவர்க்குத் துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடைபெறுகின்றது; அதனால் ஆண்டு வீணாவதில்லை. வேலைக்குச் சென்ற பின்னரும் கற்க விழைவோர்க்கு, 2002-ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஒரு தேர்வின் முடிவு ஒரு நாளின் செய்தி; அது வாழ்வின் தீர்ப்பாகாது. துயருற்ற மாணவன் அத்துயரைத் தனியே சுமவாமல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறிவிடின், சுமை பாதியாகும், வழியும் புலப்படும்.

ஒன்பதாம் வகுப்பில் தன்னை அறிதல், பத்தாம் வகுப்பில் வழிகளை அறிதல், பதினோராம் வகுப்பில் ஒருவழியைத் தேர்தல், பன்னிரண்டாம் வகுப்பில் அவ்வழியே நடத்தல் என இந்நான்கும் முறையே அமைந்துவிடின், பள்ளியின் இறுதிநாள் மாணவனுக்கு அச்சந்தரும் நாளாக இராது. தை பிறக்கும்போது அரிவாளைத் தீட்டிக்கொண்டு வயலுக்குச் செல்லும் உழவனைப்போல, அவன் மகிழ்ச்சியோடு வெளியே அடியெடுத்து வைப்பான்.