பச்சைக் கறியும் குளிர்ந்த வெண்ணெயும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டெல்லாம் வெண்ணெய் உருகி ஓடியிருக்கிறது. மேல்மாவு அடுக்கு விடாமல் தட்டையாகப் படிந்திருக்கிறது. உள்ளே கறி வறண்டு, உதிரி உதிரியாகக் கிடக்கிறது. என்ன செய்தாய் என்று நீ எழுதியதைப் படித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கைமாவை வெங்காயம், இஞ்சி பூண்டோடு சுருள வதக்கி, சூடு ஆறுவதற்குள் மாவில் வைத்துச் சுருட்டியிருக்கிறாய். நம் வீட்டில் யார் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சமோசாவுக்கும் பஃப்ஸுக்கும் மசாலாவை முதலில் வேகவைத்துத்தானே நமக்குப் பழக்கம்?

சாசேஜ் ரோலுக்குக் கறி பச்சையாகவே உள்ளே போக வேண்டும். இதை நீ மனசார ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வதக்கிய கறி தன் நீரையும் கொழுப்பையும் வாணலியிலேயே விட்டுவிடுகிறது. அதை மறுபடி அரை மணி நேரம் ஓவனில் வைத்தால் காயாமல் என்ன செய்யும்? பச்சைக் கறி மாவுக்குள்ளேயே வேகும்போது, அதில் ஊறும் சாறு கொஞ்சம் கறியிலேயே தங்கும், கொஞ்சம் உள்பக்க மாவில் இறங்கும். கடிக்கும்போது வெளியே நொறுங்கி, கறியை ஒட்டிய உள்மாவு மட்டும் மெத்தென்று ருசியேறி இருக்குமே, அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். நீ இருக்கும் நியூகாசிலில், கோஸ்ஃபோர்த்தில் 1951இல் முதல் கடை திறந்த கிரெக்ஸ் இன்று நாடு முழுக்க இதை விற்கிறது. 2019 ஜனவரியில் இறைச்சியே இல்லாத ரோலைக்கூடக் கொண்டுவந்தார்கள். கறி ரோல் ஒன்று வாங்கி, சாப்பிடுமுன் நடுவில் வெட்டி, அந்த உள்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். உன் ரோலில் வரவேண்டியது அதுதான்.

முதலில் கறி. கசாப்புக் கடையில் பன்றியின் தோள்பட்டைக் கறியைக் கேட்டு வாங்கு. கொழுப்பு கால் பங்காவது இருக்கும்படி அரைத்துத் தரச் சொல். கொழுப்பு குறைவு என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் கைமா இதற்கு உதவாது. 600 கிராம் கறிக்கு 9 கிராம் உப்பு, 60 கிராம் ரொட்டித்தூள், மூன்று மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். மிளகைத் தாராளமாகப் பொடித்துப் போடு, ஜாதிக்காயைக் கொஞ்சமாகத் துருவிப் போடு, சேஜ் இலை ஏழெட்டை நறுக்கிப் போடு. ரொட்டித்தூளை ஒப்புக்குச் சேர்க்கும் பொருளாக நினைக்காதே. வேகும்போது வெளியேறும் சாற்றை உறிஞ்சி உள்ளேயே வைத்திருப்பது அதுதான்.

உப்பை மட்டும் கைக்கணக்கில் போடாமல் தராசில் நிறுத்துப் போடு. அது ருசிக்கு மட்டும் போடுகிற உப்பில்லை. உப்புச் சேர்த்துப் பிசையப் பிசையக் கறியிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வந்து பசையாகும். கறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வது அந்தப் பசையால்தான். இரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தபின் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. விழுந்தால் இன்னும் பிசை. பிறகு ஒரு சிட்டிகை எடுத்து வாணலியில் சுட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிடு. பச்சைக் கறியில் உப்புப் பார்க்க வேறு வழி கிடையாது.

கரம் மசாலா சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் தடவை வேண்டாம். மிளகும் சேஜும் மட்டும் போட்டு அதன் ருசி நாக்கில் பதிந்த பிறகு உன் இஷ்டம். பரீட்சை நேரத்தில் இவ்வளவுக்கும் பொழுதில்லை என்றால் கடையில் நல்ல சாசேஜாக வாங்கி, மேல்தோலைக் கீறி, உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்துக்கொள். அட்டையைப் படித்து வாங்கு. இந்த நாட்டுச் சட்டப்படி பன்றி சாசேஜ் என்று பெயர் போட 42 சதவீதம் பன்றிக்கறி இருந்தாலே போதும். 80 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகத் தேடு. அதில் உப்பும் ரஸ்க் தூளும் ஏற்கெனவே இருக்கும், நீ எதுவும் சேர்க்காதே.

இனி மாவு. இதில் நீ ஜெயிக்க நியூகாசில் குளிரே பாதி வேலையைச் செய்துவிடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிற பொருள். சென்னையில் மே மாதத்துச் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால்தான் நம் பேக்கரிகளில் பஃப்ஸுக்கு இன்னும் அதிகச் சூட்டில் உருகும் மார்ஜரினைப் போடுகிறார்கள். தின்றபின் மேலண்ணத்தில் ஒரு பிசுக்குப் படிகிறதே, அது இதனால்தான். உனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்.

175 கிராம் வெண்ணெயை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வை. 250 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்துகொண்டு, கேரட் துருவியில் வெண்ணெயை அதன்மேலேயே துருவு. கை சூடு படாமல் இருக்க வெண்ணெயை அதன் தாளோடு பிடித்துக்கொள். துருவல் ஒவ்வொன்றிலும் மாவு படும்படி கத்தியால் கிளறிவிட்டு, 110 முதல் 120 மில்லி ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துத் திரட்டு. இங்கேதான் சப்பாத்தி பிசைந்து பழகிய கை நம் காலை வாரும். பிசையாதே. திரண்டு நின்றால் போதும். அங்கங்கே காய்ந்த மாவு தெரியும், வெண்ணெய் வெள்ளை வெள்ளையாகத் துருத்தி நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது. அப்படியே சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை.

பிறகு மாவு தூவிய பலகையில் நீளவாக்கில் தேய். அகலம் 15 சென்டிமீட்டர், நீளம் 45 இருக்கட்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கை மேலே மடித்து, மேல் பங்கை அதன்மேல் இறக்கு. கால் வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மறுபடி மடி. இரண்டு மடிப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வு. பிறகு இன்னும் இரண்டு மடிப்பு. மும்மடிப்பாக நான்கு தடவை என்றால் 81 அடுக்கு. பிரெஞ்சு முறையில் முழு வெண்ணெய்ப் பாளத்தை வைத்து ஆறு தடவை மடித்து 729 அடுக்கு கொண்டுவருவார்கள். ரோலுக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்றாவது மடிப்பில் மாவு பட்டுப்போல் வழுவழுப்பாகி, உள்ளே வெண்ணெய் மஞ்சள் கோடுகளாக மட்டும் தெரியும். அந்தக் கோடுகள் மறையாமல் இருக்கும்வரை நீ சரியாகப் போகிறாய். விரலில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தால் உடனே நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்துவிடு. பத்து நிமிடம் பொறுத்தால் மாவு பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு குளிர்ச்சி எதற்கு என்று கேட்பாய். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். சில்லென்ற மாவு திடீரென்று கடும் சூட்டில் போய் உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீரும் மாவின் ஈரமும் ஆவியாகி அடுக்குகளை மேலே தூக்கும். உருகிய கொழுப்பு ஒரு அடுக்கு இன்னொன்றோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். சூடு வருவதற்கு முன்பே வெண்ணெய் உருகிவிட்டால் அது மாவோடு கலந்துவிடும், தூக்க அடுக்கே இருக்காது. நீ வைத்த சூடான கைமா உள்ளிருந்தே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மாவை 40க்கு 26 சென்டிமீட்டராக, 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, ஓரங்களைக் கத்தியால் நேராக்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டு. கறியை இரண்டு நீள உருளையாக்கி நடுவில் வை. ஓரத்தில் அடித்த முட்டையைத் தடவிச் சுருட்டி, சேர்ந்த இடம் அடியில் வரும்படி வை. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தபின் நல்ல கூரான கத்தியால் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டு. பதினாறு வரும். மழுங்கிய கத்தி அடுக்குகளை நசுக்கி ஒட்டிவிடும். மேலே முட்டை தடவும்போது வெட்டுப்பக்கம் வழியவிடாதே, அதுவும் பசையாகி அடுக்கைத் திறக்கவிடாது. காலித் தட்டை ஓவனிலேயே வைத்துச் சூடாக்கி, ரோல்களைத் தாளோடு அதன்மேல் இழுத்துவிட்டால் அடிமாவு சதசதவென்று ஆகாது. 200 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 180இல் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. சமையல் தெர்மாமீட்டரை நடுக்கறியில் குத்தி 75 டிகிரி காட்டினால்தான் எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் வாங்கிவிடலாம், பச்சைக் கறியை உள்ளே வைக்கிற தைரியத்தை அது கொடுக்கும்.

இது கைவந்ததும் நான் இருக்கும் கார்ன்வாலின் பாஸ்டியைச் செய்து பார். அதிலும் கறி பச்சைதான், காயும் பச்சைதான். மாட்டிறைச்சியில் ஸ்கர்ட் என்கிற தசை, உருளைக்கிழங்கு, வெங்காயம், நூல்கோல் இனத்தைச் சேர்ந்த, உள்ளே மஞ்சளாக இருக்கும் ஸ்வீடு கிழங்கு, உப்பு, மிளகு, அவ்வளவுதான். கேரட் போட்டால் இங்கே கடைக்காரர்களுக்குக் கோபம் வரும். ‘கார்னிஷ் பாஸ்டி’ என்ற பெயருக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறி குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் முறுக்கி மூட வேண்டும், உள்ளே வைப்பது வேகாததாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் கையில் கொண்டுபோன சோறு இது. கேம்போர்னில் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் 1998இல் மூடிய சவுத் கிராஃப்டி ஈயச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் தெரியும். ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அந்த வெள்ளீயம். இங்கே வேலை குறைந்தபோது கார்ன்வால்காரர்கள் உலகமெங்கும் சுரங்கம் தோண்டப் போனார்கள். மெக்சிகோவில் ஹிடால்கோ மாநிலத்துக்கு 1820களில் போனவர்களால் இன்றும் அங்கே பாஸ்டி தெருவுக்குத் தெரு விற்கிறது, மிளகாய் சேர்த்து. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலுக்கு அழைத்து வந்ததும் இவர்களைத்தான். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன நம் ஆட்கள் இவர்களுக்குக் கீழே இறங்கி வேலை செய்தார்கள். உன் கொள்ளுத்தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தார் என்று உனக்குத் தெரியும். அவர் தூக்குவாளியில் என்ன கொண்டுபோனார் என்று எனக்குச் சொல்ல இப்போது ஆளில்லை. ஆனால் எந்த ஊர்ச் சுரங்கமானாலும், காலையில் கட்டிக்கொண்டு போனது மத்தியானம்வரை உடையாமல், கெடாமல் இருந்தாக வேண்டும். பாஸ்டியின் மாவு முரட்டு மாவாக இருப்பது அதற்காகத்தான்.

ஆகவே இதற்கு ரோல் மாவு ஆகாது. ரொட்டிக்கென்று விற்கும் பலமான மாவு 500 கிராம், பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சமமாக மொத்தம் 150 கிராம், குளிர்ந்த தண்ணீர் 175 மில்லி, ஒரு தேக்கரண்டி உப்பு. இதை மட்டும் உன் சப்பாத்திக் கையால் ஆசைதீரப் பிசையலாம். மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வு. ஆறு வட்டமாகத் தேய்த்து, காயைத் துருவாமல் கத்தியால் சீவிப் பரப்பி, மேலே கறியை வைத்து, சோமாஸுக்கு ஓரம் முறுக்குவது மாதிரி முறுக்கிவிடு. கறியை மேலே வைப்பது முக்கியம், அதன் சாறு கீழே இறங்கிக் கிழங்கில் ஊறும். 165 டிகிரியில் ஐம்பது நிமிடம். தண்ணீரே ஊற்றாமல் உள்ளே குழம்பு எப்படி வந்தது என்று நீயே கேட்பாய்.

உன் அறைத்தோழி ஹலால் மட்டும்தான் சாப்பிடுவாள் என்று எழுதியிருந்தாய். ரோலைக் கொழுப்புள்ள ஹலால் ஆட்டுக் கைமாவில் செய், அளவெல்லாம் அதேதான், சேஜுக்குப் பதில் சீரகமும் புதினாவும். பலகையும் கத்தியும் அவளுக்கென்று தனியாக வைத்துக்கொள். கோழியானால் நெஞ்சுக்கறி வேண்டாம், தொடைக்கறியைத் தோலோடு அரைத்துக்கொள். வதக்கிய மசாலாவில் நம் ஊர் முட்டை பஃப்ஸும் செய்யலாம், ஆசையாக இருந்தால் செய். மசாலாவை ஈரம் வற்ற வதக்கி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மடித்தால் போதும்.

பதினாறையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. வெட்டிய துண்டுகளைப் பச்சையாகவே தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இறுகவிட்டு, பிறகு பையில் போட்டு வை. வேண்டும்போது உறைந்தபடியே ஓவனில் வைத்து ஏழெட்டு நிமிடம் கூடுதலாகச் சுடு. ஆனால் ஏற்கெனவே ஃப்ரீசரில் இருந்து இளகிய கறியை வாங்கிச் செய்திருந்தால் பச்சையாக மறுபடி உறைய வைக்காதே, அன்றே சுட்டுவிடு. நான் சொன்ன சூடெல்லாம் ஃபேன் உள்ள ஓவனுக்கு. உன் வாடகை வீட்டு ஓவனில் ஃபேன் இல்லையென்றால் 20 டிகிரி கூட்டிக்கொள். எதற்கும் கதவைத் திறந்து பின்சுவரைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி